செயற்கைச் சூரியன் வந்தால் கரண்ட் பில் குறையுமா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் இயற்பியல் கேள்விகள்

பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று சுற்றுவட்டாரப் பள்ளி மைதானங்களில் தொலைநோக்கி வைத்து நிலாவும் சனிக்கோளும் காட்டப் போவது என் வழக்கம். வரிசையில் வந்தவர்கள் சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும் சார்" என்று வேறு எதையோ ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் டிவியில் பார்த்தது, இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்தது. ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நியூஸ்ல வருதே, அது நம்ம வீட்டுக்கு வர எத்தனை வருசம் ஆகும்?

பெரும்பாலும் இருபது, முப்பது வருடம். உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பையே பாருங்கள். சிவப்பு எல்.இ.டி. 1962லேயே வந்துவிட்டது. வெள்ளை வெளிச்சம் வேண்டுமென்றால் நீலம் வேண்டும். அந்த நீலத்தைப் பளிச்சென்று எரியவைக்க அகாசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் ஜப்பானில் 1990களின் தொடக்கம் வரை மல்லுக்கட்டினார்கள். மூவருக்கும் நோபல் பரிசு 2014ல். 60 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் பல்பை நாம் மாட்டியதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

அதனால் ஒரு செய்தியைப் பார்த்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். வேறொரு ஆய்வகம் அதையே செய்து பார்த்து ஆமாம் என்றதா? வரவு, செலவு இரண்டையும் சேர்த்து முழுக் கணக்கு சொன்னார்களா? கீழே பல பதில்களில் இந்த இரண்டுக்கும் திரும்பத் திரும்ப வருவேன்.

அவ்ளோ நல்ல பல்புன்னா ஏன் ஆறே மாசத்துல போயிடுது?

போவது அநேகமாக எல்.இ.டி. இல்லை, அடியில் இருக்கும், கரண்ட்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட். மலிவான கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்து போகிறது. வோல்டேஜ் ஏறி இறங்கும் லைனில் இன்னும் சீக்கிரம் போகும். மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் பல்பை மாட்டாதீர்கள், சூடு வெளியேற வழியிருக்க வேண்டும்.

கூகுள் மேப்புக்கும் ஐன்ஸ்டீனுக்கும் என்ன சார் சம்பந்தம்?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. அது அனுப்பும் நேரத்தை வைத்துத்தான் உங்கள் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோவினாடி முந்தும். வேகமாகச் சுற்றுவதால் 7 மைக்ரோவினாடி பிந்தும். கழித்தால் 38 முந்தல். ஒளி ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் போகும், ஆக ஒரே நாளில் தூரக் கணக்கில் 11 கிலோமீட்டர் பிழை சேரும். இதற்காகவே கடிகாரத்தைத் தரையிலேயே கொஞ்சம் மெதுவாக ஓடும்படி வைத்து அனுப்புகிறார்கள். 1977ல் ஒரு சோதனைச் செயற்கைக்கோளை இந்தத் திருத்தம் இல்லாமல் இருபது நாள் போல ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஐன்ஸ்டீன் கணக்குப்படியேதான் கடிகாரம் முந்தியது.

"ஐன்ஸ்டீன் இல்லாவிட்டால் தொப்பூர் கணவாயில் போகிற லாரியை மேப் பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டும்" என்று மேடையில் பேசுவார்கள். அது கொஞ்சம் மிகை. எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே அளவு முந்தினால், நான்கைச் சேர்த்துக் கணக்குப் போடும் போன் அதில் பெரும்பகுதியைத் தானே கழித்துவிடும். கெடுவது நேரமும், மீட்டர் கணக்கிலான துல்லியமும். மற்றபடி மேப் உங்களை முள்ளுக்காட்டு வண்டிப்பாதையில் கொண்டுபோய் விட்டால், அது பாதையைப் பதிந்தவர்களின் கோளாறு.

கிலோவையே மாத்திட்டாங்களாமே, ராயக்கோட்டை மண்டியில தக்காளி எடை குறையுமா?

குறையாது, கூடவும் செய்யாது. பழைய கிலோ என்பது பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதன் நகல்களில் 57ஆம் எண் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறு வருடத்தில் மூலத்துக்கும் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. எது இளைத்தது, எது பெருத்தது என்று சொல்ல வழியில்லை. அதனால் 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணை வைத்துக் கிலோவை வரையறுத்துவிட்டார்கள்.

மண்டியில் உங்களுக்கு எடை குறைந்தால் அதற்குப் பிளாங்க் பொறுப்பில்லை. எலக்ட்ரானிக் தராசில் நடப்பு ஆண்டின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

போச்சம்பள்ளி, ஓசூர்ல செய்யற எலக்ட்ரிக் ஸ்கூட்டர்தான் வாங்கியிருக்கேன். வெயில்ல பேட்டரி வெடிக்குமா?

வெயில் மட்டும் வெடிக்க வைக்காது, ஆயுளைக் குறைக்கும். லித்தியம் அயனி பேட்டரி 1991ல் கடைக்கு வந்தது. அதற்கு வழி போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் கிடைத்தது. தீ எப்படிப் பிடிக்கிறது என்றால், உள்ளே இரண்டு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய தாள் ஓரிடத்தில் பழுதாகி ஷார்ட் ஆகும். அந்தச் சூட்டில் வேதிவினை கிளம்பும். வினையிலிருந்து மேலும் சூடு வரும், பக்கத்துச் செல்லுக்கும் பரவும். 2022ல் நாட்டில் பல ஸ்கூட்டர்கள் எரிந்ததற்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள்.

வாங்கும்போது பேட்டரி என்ன ரகம் என்று கேளுங்கள். இரும்பு பாஸ்பேட் ரகம் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் அதே சக்திக்கு எடை அதிகம். நிக்கல் சேர்ந்த ரகம் எடை குறைவு, சூட்டில் சீக்கிரம் கலங்கும். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும். முழு சார்ஜோடு நாள்முழுக்க வெயிலில் நிறுத்தாதீர்கள். படியடியில், வெளியே போகிற ஒரே வழியை மறித்தபடி சார்ஜ் போடவே கூடாது. தண்ணீரில் விழுந்த பேட்டரி காய்ந்துவிட்டது என்று நம்பி மாட்டாதீர்கள்.

சோடியம் பேட்டரி, திடநிலை பேட்டரி என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். சோடியம் பேட்டரி வைத்த கார்கள் சீனாவில் 2024லேயே விற்பனைக்கு வந்துவிட்டன. அதற்காக இன்று வாங்க வேண்டிய வண்டியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சோலாரும் அப்படித்தானா? புதுசா பெரோவ்ஸ்கைட்னு ஒண்ணு வருதாமே, அது வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருள் உண்மையாகவே பெரிய விஷயம்தான். 2009ல் சூரியஒளியில் நூற்றுக்கு 4 பங்கைக்கூட அது மின்சாரமாக்கவில்லை. சிலிக்கான் மேல் அதைப் பூசிச் செய்த சிறிய செல் 2024ல் ஆய்வகத்தில் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இப்போது நாம் வாங்கும் பேனல்கள் 20 முதல் 23 சதவீதம். ஆனால் கூரைமேல் இருக்கும் பொருள் 25 வருடம் மழையையும் வெயிலையும் தாங்க வேண்டும். ஈரத்திலும் சூட்டிலும் பெரோவ்ஸ்கைட் சிதைந்துவிடுகிறது. அந்த ஒரு பிரச்சினைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

நம் பக்கம் இன்னொரு தப்பான நினைப்பும் இருக்கிறது, சித்திரை வெயிலில்தான் கரண்ட் அதிகம் வரும் என்று. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. பேனல் மேல் போட்டிருக்கும் வாட் 25 டிகிரிக்குக் கணக்கிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். மதியம் பேனல் 60 டிகிரிக்குப் போனால் பன்னிரண்டு சதவீதம் போச்சு. அதனால் தகரக் கூரையோடு ஒட்டி மாட்டாமல் அடியில் காற்று போக இடைவெளி விடச் சொல்லுங்கள். தூசியைக் காலையில், பேனல் ஆறியிருக்கும்போது கழுவுங்கள்.

செயற்கைச் சூரியன் கண்டுபிடிச்சாச்சாமே, கரண்ட் பில் குறையுமா?

இந்தக் கேள்விக்கு முழுக் கணக்கு பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் ஹைட்ரஜன் அடைத்த ஒரு குட்டிக் குமிழைக் குறிவைத்து 2.05 மெகாஜூல் லேசர் பாய்ச்சினார்கள். சூரியனுக்குள் நடப்பதுபோல் அணுக்கருக்கள் ஒன்றாகச் சேர்ந்ததில், அதாவது அணுக்கரு இணைவில், 3.15 மெகாஜூல் வெளிவந்தது. போட்டதைவிட அதிகம் வந்தது என்று உலகமே கொண்டாடியது, அதில் நியாயமும் உண்டு, அதுவரை யாரும் செய்யாதது.

இப்போது நம் மின்வாரியக் கணக்கில் பாருங்கள். 3.15 மெகாஜூல் என்பது ஒரு யூனிட்கூட இல்லை, முக்காலுக்குச் சற்று மேல். அந்த லேசரை ஓட்ட லைனிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல், அதாவது 80 யூனிட்டுக்கு மேல். 2016ல் இரண்டு மாதத்துக்கு நமக்கு இலவசம் என்று அறிவித்த 100 யூனிட்டில் பெரும்பகுதியைக் கொட்டி, முக்கால் யூனிட் சூட்டை எடுத்திருக்கிறார்கள். 2025ல் ஒரே வெடிப்பில் 8 மெகாஜூலைத் தாண்டிவிட்டார்கள், அதுவும் இரண்டரை யூனிட்டுக்குள்தான். "சீனாவில் ஆயிரம் வினாடி எரிந்தது", "பிரான்சில் 1,337 வினாடி" என்று 2025ல் வந்தவை வேறு ரக இயந்திரங்கள். பல கோடி டிகிரிச் சூட்டில் இருக்கும் பிளாஸ்மா என்ற மின்னூட்ட வாயுவைக் கலையாமல் எவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடியும் என்ற சாதனை அது, மின்சாரம் எடுத்த சாதனை இல்லை.

சாதாரண சூட்டுலயே கரண்ட் நஷ்டமில்லாம போற கம்பி கண்டுபிடிச்சாங்களே, அது என்ன ஆச்சு?

எல்கே-99 என்ற பொருளைக் கேட்கிறீர்கள். 2023 ஜூலையில் தென்கொரியாவில் ஒரு குழு, அறைவெப்பத்தில் வேலை செய்யும் மீக்கடத்தி கிடைத்துவிட்டது என்றது. வாட்ஸ்அப்பில் காந்தத்தின் மேல் கல் மிதக்கும் வீடியோ பறந்தது. சில வாரங்களிலேயே உலகம் முழுக்கச் செய்து பார்த்தார்கள், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் பார்த்தார்கள். மீக்கடத்தல் இல்லை. மின்தடை திடீரென்று குறைந்ததாகத் தெரிந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த காப்பர் சல்பைடு. முதல் பதிலில் சொன்ன "வேறொரு ஆய்வகம் ஆமாம் என்றதா" என்ற சோதனை இங்கே அழகாக வேலை செய்தது.

நிஜ மீக்கடத்தியை நீங்களே பார்த்திருப்பீர்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில். உள்ளே காந்தச் சுருள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் இருக்கிறது. ஸ்கேன் ஓடாதபோதும் அந்தக் காந்தம் ஓயாது. சாவி, செயின், இரும்புக் கட்டில் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று அவர்கள் கத்துவது அதனால்தான். இரும்பு சிலிண்டரை இழுத்து ஆளைக் கொல்லும் பலம் அதற்கு உண்டு.

எங்க தெருவுல 5ஜி டவர் வைக்கிறாங்க. புத்துநோய் வருமா?

கதிர்வீச்சில் இரண்டு ஜாதி. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் அளவு சக்தி உள்ளது ஒன்று: எக்ஸ்ரே, காமா. அது மரபணுவை நேரடியாகச் சேதப்படுத்தும். இன்னொன்றுக்கு அந்தச் சக்தி கிடையாது: ரேடியோ, டிவி, மொபைல். 5ஜி அலையின் ஒரு துகளுக்கு உள்ள சக்தி, சிவப்பு வெளிச்சத்தின் ஒரு துகளில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பஞ்சு உருண்டையை எத்தனை ஆயிரம் எறிந்தாலும் ஓடு உடையாது. கூட்டமாக வந்தால் சூடு ஏற்றும், அவ்வளவே நிரூபணமான விளைவு. அந்தச் சூட்டுக்குத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

2011ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு ரேடியோ அலைகளைச் "சாத்தியம் இருக்கலாம்" என்ற பட்டியலில் வைத்தது உண்மை. 2024ல் அதே நிறுவனம் கேட்டு நடந்த பெரிய மறுஆய்வில் மொபைல் போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: காதோடு ஒட்டிய போனிலிருந்து உங்கள் தலைக்கு வருவது, டவரிலிருந்து வருவதைவிடப் பொதுவாக அதிகம். டவர் தூரமாக இருந்தால் போன் இன்னும் பலமாகக் கத்த வேண்டியிருக்கும்.

இன்னைக்கு ராத்திரி 12.30ல இருந்து 3.30 வரைக்கும் காஸ்மிக் கதிர் பூமிக்குப் பக்கத்துல வருது, போனை ஆஃப் பண்ணுங்கன்னு மெசேஜ் வந்துச்சே?

வருடா வருடம் வரும். தேதியே இல்லாமல் "இன்று இரவு" என்று இருப்பதால் அதற்குச் சாவே கிடையாது. காஸ்மிக் கதிர் இந்த நிமிடமும் உங்கள் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. வானில் மேலே காற்றில் மோதி உண்டாகும் மியூவான் என்ற துகள், உள்ளங்கையை விரித்தால் வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஊடுருவிப் போகிறது. போனை அணைத்தாலும் போகும்.

இதே மியூவானை வைத்து ஊட்டியில் ஓர் அருமையான வேலை நடந்தது. அங்கே கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் பல வருடங்களாக மியூவான்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் தலைக்கு மேலே கடந்தபோது எண்ணிக்கை குறைந்தது. அந்தக் குறைவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதில், மேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் இருந்தது தெரியவந்து, 2019ல் வெளியிட்டார்கள். மேகத்துக்குள் போகாமலே அளந்தது! இந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

எங்க பர்கூர் கிரானைட்ல கதிர்வீச்சு இருக்குன்னு சொல்றாங்க. தரைக்குப் போடலாமா?

இருக்கிறது. மேலே சொன்னதில் முதல் ஜாதிதான். கிரானைட்டில் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் துளித்துளியாக உண்டு. உங்கள் உடம்பிலும் உண்டு: பொட்டாசியத்தால் மட்டும் வினாடிக்கு நாலாயிரம் அணுக்கள் உள்ளே சிதைகின்றன. கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் மிக அதிகம். அங்கே தலைமுறைகளாக வாழ்பவர்களை நீண்டகாலம் ஆராய்ந்து 2009ல் முடிவு வெளியிட்டார்கள், புற்றுநோய் கூடுதலாகத் தெரியவில்லை. தரைக்குத் தாராளமாகப் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கிரானைட்டில் பயப்பட வேண்டியது வேறு. குவாரியிலும் பாலீஷ் பட்டறையிலும் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோய் கொண்டுவரும். அறுக்கும்போது தண்ணீர் விட வேண்டும், சரியான முகக்கவசம் வேண்டும். தரைக்குக் கல் வாங்குபவர் கேட்கும் இந்தக் கேள்வியைக் கல் அறுப்பவர்தான் கேட்டிருக்க வேண்டும்.

முகாம்ல குவாண்டம் மெஷின்ல கைய வச்சா ஒரே நிமிசத்துல உடம்பு ரிப்போர்ட் தர்றாங்க. குவாண்டம் டாலரும் விக்கிறாங்க. வாங்கலாமா?

வேண்டாம். கையில் ஒரு கம்பியைப் பிடித்தால் கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் அளக்கும் கருவி இன்று உலகத்தில் இல்லை. அணு அளவில் நடப்பதைச் சொல்லும் குவாண்டம் இயற்பியல் உங்கள் எல்.இ.டி.யிலும் போன் சிப்பிலும் நிஜமாகவே வேலை செய்கிறது. அதன் பெயர் ஒட்டிய காகிதத்தில் வேலை செய்யாது. அதே மெஷினில் பேர் மாற்றி, வயது மாற்றி இரண்டு முறை கை வையுங்கள், தெரிந்துவிடும்.

டாலர் விஷயம் இன்னும் மோசம். 5ஜியிலிருந்து காக்கும் என்று விற்ற சில டாலர்களையும் வளையல்களையும் நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு அமைப்பு சோதித்து, அவை அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுகின்றன என்று 2021 டிசம்பரில் எச்சரித்தது. அதாவது, தீங்கில்லாத இரண்டாம் ஜாதிக்குப் பயந்து முதல் ஜாதியை நெஞ்சில் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்.

அப்ப நிஜ குவாண்டம் கம்ப்யூட்டர் என் பேங்க் கணக்கை உடைக்குமா?

இன்று உடைக்காது. பெரிய எண்ணைக் காரணிப்படுத்தி ரகசியக் குறியீட்டை உடைக்கும் வழியைப் பீட்டர் ஷோர் 1994லேயே காட்டிவிட்டார். அதை நிஜ அளவில் ஓட்டும் இயந்திரம்தான் இல்லை. கூகுள் 2024 டிசம்பரில் காட்டிய சிப்பில் 105 குவாண்டம் பிட்கள், அதாவது அந்தக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும் அடிப்படை அலகுகள். குறியீடு உடைக்க அதைவிடப் பல மடங்கு, அதுவும் பிழையில்லாமல் வேண்டும். இதற்குள் புதுப் பூட்டுகளும் தயார்: 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர அமைப்பு மூன்று முறைகளை அறிவித்துவிட்டது. போன் அப்டேட்டை ஒத்திப்போடாமல் இருந்தால் அவை தானாக வந்து சேரும்.

2025 இயற்பியல் நோபல் இந்தத் துறைக்குத்தான். கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் 1984, 85ல் செய்த சோதனைக்கு நாற்பது வருடம் கழித்து. இதற்கிடையில் உங்கள் ஓ.டி.பி.யைப் போனில் கேட்பவனுக்குக் குவாண்டம் கம்ப்யூட்டர் தேவையே இல்லை.

கிராஃபீன் ஃபில்டர்னு ஒண்ணு விக்கிறாங்க. எங்க போர் தண்ணியில இருக்கற ஃபுளோரைடு போகுமா?

இந்த இரண்டு மாவட்டத்துக்கும் இது வாழ்க்கைப் பிரச்சினை. பல்லில் கறையும் எலும்பில் வலியும் பார்த்த பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பைச் சேர்த்தார்கள். கிராஃபீன் என்பது ஓரணு தடிமனுள்ள கரித்தாள், 2010ல் அதற்கு நோபல் கிடைத்தது. அதில் வடிகட்டி செய்யும் ஆராய்ச்சி நிஜம். கடையில் அந்தப் பெயரில் வருவதெல்லாம் அதுதான் என்று சொல்ல முடியாது.

நிச்சயமானவை இவை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். சாதாரணக் கரி வடிகட்டியிலும் கேண்டில் ஃபில்டரிலும் போகாது. ஆர்.ஓ.வில் போகும், ஆக்டிவேட்டட் அலுமினாவிலும் போகும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டக்கூடாது. ஃபில்டர் விற்பவரிடம் விளம்பரத் தாளை வாங்காதீர்கள். ஃபில்டருக்கு முன் ஒரு பாட்டில், பின் ஒரு பாட்டில் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். இல்லையென்றால் ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைத் துவைக்க விடுங்கள்.

ஈர்ப்பலை கண்டுபிடிச்சாங்களே, அதுனால நமக்கு என்ன பிரயோஜனம்?

இப்போதைக்கு ஒன்றுமில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று, 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதிய அதிர்வை, அதாவது ஈர்ப்பலையை, அமெரிக்காவின் லைகோ கருவிகள் பிடித்தன. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அதேபோல் ஒன்று கட்ட 2023ல் ஒப்புதல் கிடைத்தது, சுமார் 2,600 கோடி ரூபாய். உங்கள் கேள்விக்குக் கண்ணாடிப் பூச்சு, லேசர், அதிர்வு தடுப்பு என்று துணைப் பயன்களை அடுக்கலாம். அதெல்லாம் சாக்கு. பிரபஞ்சத்தைத் தெரிந்துகொள்ளத்தான் கட்டுகிறார்கள், அதற்கு அவ்வளவு செலவு தகுமா என்று நீங்கள் கேட்பதும் நியாயம். தகும் என்பது என் கட்சி.

பொண்ணு பிளஸ் டூ. பிசிக்ஸ் எடுத்தா வேலை கிடைக்குமா, இல்ல இன்ஜினீயரிங்தானா?

பிடித்திருந்தால் பிசிக்ஸ் எடுக்கட்டும், கணக்கு மட்டும் கூடவே பலமாக இருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்லூரிகளுக்கு நுழைவுத்தேர்வு இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் வழி அடைந்துவிடாது: தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்து, ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். ஓசூருக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும் வானியற்பியல் நிறுவனமும் இருக்கின்றன. மேலே சொன்ன பேட்டரி, சிப், குவாண்டம் வேலைகளுக்கு பிசிக்ஸ் படித்தவர்களையும் எடுக்கிறார்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை அவளைக் காவலூருக்குக் கூட்டிப் போங்கள். ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம், ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து அரை நாள் பயணம்கூட இல்லை. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மழை மேகம் இருந்தால் வேறு வாரம் போங்கள்.